கூடம் கோணல்தான்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்களுக்கான ஒரு பயிலரங்கில் சென்ற ஆண்டு நானும் போய் உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் காலை அமர்வு, நல்ல மென்டரைக் கண்டுபிடிப்பது எப்படி. பிற்பகல் அமர்வு, நெட்வொர்க்கிங். திரையில் வட்டம் வட்டமாகப் படம் போட்டார்கள். நடுவில் நீங்கள், சுற்றிலும் உங்களை உயர்த்திவிடப் போகிறவர்கள். கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். சொந்த ஆய்வகம் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறதாம். மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி ஒன்று வேண்டும். டெண்டர் மூன்று முறை ரத்தாகிவிட்டது. பக்கத்துத் துறையின் பெட்டியில் ஒரு தட்டை இரவல் வாங்கி மாதிரிகளை வைத்திருக்கிறார். என்ன செய்யலாம் என்று கேட்டார். மேடையிலிருந்த மூத்த விஞ்ஞானி கனிவாகச் சிரித்தார். "இதுக்குத்தாம்மா ஒரு நல்ல மென்டர் வேணும்கிறது." அரங்கில் கைதட்டல்.

அந்தப் பெண் கைதட்டவில்லை. நானும் தட்டவில்லை.

கேட்டது உறைபெட்டி, கிடைத்தது உபதேசம். சரி, மென்டர் வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் என்ன செய்வார்? தனக்குத் தெரிந்த பதிவாளருக்கு ஒரு போன் போடுவார். மூன்று மாதமாகப் பர்ச்சேஸ் செக்‌ஷனில் படுத்துக் கிடந்த ஃபைல் எழுந்து நடக்கும். இதற்கு நம் ஊரில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: சிபாரிசு. ரேஷன் கார்டுக்கும் கல்லூரி அட்மிஷனுக்கும் சிபாரிசு பிடித்தால் முகம் சுளிக்கிற நாம், அறிவியலில் அதே காரியத்துக்கு ஆங்கிலப் பெயர் வைத்து இரண்டு நாள் வகுப்பு எடுக்கிறோம். போன் போட ஆள் இல்லாத அடுத்த அறைக்காரரின் ஃபைல் இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. நகர்ந்த ஃபைல் அதைத் தாண்டித்தான் நகர்ந்தது என்பதை யாரும் சொல்வதில்லை.

இன்று எங்கே திரும்பினாலும் இதுதான் வேதம். இளம் விஞ்ஞானி தோற்றால் வழிகாட்டி இல்லாமல் தோற்றார், வென்றால் வழிகாட்டியால் வென்றார். தனி ஆய்வகம் தொடங்குகிறவருக்கு முதல் தேவை தொடர்புகள், மற்றதெல்லாம் பின்னால் தானே வரும். இதை நான் மறுக்கிறேன். நல்ல மனிதர்கள் இளையவர்களுக்கு உதவுவதை மறுக்கவில்லை. அந்த உதவியை ஒரு கொள்கையாக்கி, நிறுவனம் செய்ய வேண்டிய வேலையை அதன் தலையில் கட்டுவதை மறுக்கிறேன்.

குரு இல்லாத வித்தை உண்டா என்பார்கள். சி.வி. ராமனையே எடுத்துக்கொள்வோம். சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோதே, 1906இல், 18 வயதில், லண்டனிலிருந்து வந்த 'பிலசாபிகல் மேகசின்' இதழில் அவருடைய முதல் கட்டுரை வெளிவந்தது. அதற்கு வழிகாட்டி யாரும் இல்லை. அடுத்த ஆண்டு நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா போனார். பகல் முழுக்கக் கணக்கு வழக்கு. அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சோதனைகள். மகேந்திரலால் சர்க்கார் 1876இல் தொடங்கிய அந்தக் கழகம், ராமன் போனபோது ஏறக்குறைய ஆளில்லாமல் கிடந்தது. கருவிகள் இருந்தன, இடம் இருந்தது, வருகிறவரைத் தடுக்க யாருமில்லை. ராமனுக்கு அது போதுமாக இருந்தது. 1917இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ஆசுதோஷ் முகர்ஜி பாலித் பேராசிரியர் பதவியைக் கொடுத்தார். ராமன் விளைவைக் கண்டறிந்த 1928 பிப்ரவரி 28 எல்லோருக்கும் தெரியும். இந்தக் கதையை மென்டர் கதையாகச் சொல்ல முயன்றால் மென்டர் பாத்திரத்துக்கு நடிகர் கிடைக்கமாட்டார். கட்டடம், கருவி, பிறகு ஒரு பதவி. ராமன் மேதை, எல்லோரும் ராமனா என்று கேட்பவர்களுக்கு: மேதைக்கே கட்டடமும் கருவியும் தேவைப்பட்டன என்றால், மற்றவர்களுக்கு அறிவுரை மட்டும் போதும் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

அடுத்த கதையும் ராமனின் குடும்பத்திலிருந்துதான். சுப்ரமணியன் சந்திரசேகர் ராமனின் அண்ணன் மகன். தொடர்புகள் பற்றிப் பாடம் நடத்துகிறவர்கள் அவருடைய 1935ஆம் ஆண்டை மட்டும் கொஞ்சம் படித்துவிட்டு வரலாம். கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ. அந்தக் காலத்து வானியலில் ஆர்தர் எடிங்டனுக்கு மேலே பெயர் கிடையாது. அந்த எடிங்டன் சந்திராவின் அறைக்கே அடிக்கடி வந்து, கணக்கு எதுவரை போயிருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். இதைவிட நல்ல மென்டர் யாருக்குக் கிடைப்பார்? ஜனவரி 11ஆம் தேதி லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டம். வழக்கமான 15 நிமிடம் போதாது என்று சந்திராவுக்கு அரை மணி நேரம் வாங்கிக் கொடுத்ததும் எடிங்டன்தான். சந்திரா பேசி உட்கார்ந்தார். அடுத்து எடிங்டன் எழுந்தார். குறிப்பிட்ட நிறைக்கு மேலே போன விண்மீன் சுருங்கிக்கொண்டே போகும் என்ற முடிவை அபத்தம் என்று கிண்டலடித்தார். சபை சிரித்தது. அத்தனை நாள் அறைக்கு வந்து போனபோது இந்த எதிர்ப்பைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை.

அடுத்து நடந்தது இன்னும் முக்கியம். சந்திராவிடம் நெட்வொர்க் இல்லாமல் இல்லை. நீல்ஸ் போரின் உதவியாளர் ரோசன்ஃபெல்டுக்குக் கடிதம் எழுதினார். போரும் வுல்ஃப்காங் பாலியும் எடிங்டன் சொல்வது தவறு என்று ஒப்புக்கொண்டார்கள், தனிமையில். பொதுவில் ஒரு வரி சொல்லுங்கள் என்றபோது யாரும் முன்வரவில்லை. அதே ஆண்டு பாரிஸில் நடந்த சர்வதேச வானியல் கூட்டத்தில் எடிங்டன் மறுபடி தாக்கினார். தலைமை வகித்த ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல், எடிங்டனை நாங்கள் நம்பவில்லை என்று சந்திராவின் காதில் சொல்லிவிட்டு, பதில் பேச மட்டும் அனுமதிக்கவில்லை. தொடர்பு என்பதன் உச்சகட்ட லாபம் இதுதான்: காதோடு ஆறுதல். சந்திரா 1937இல் அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்துக்குப் போனார், 1939இல் அந்தக் கணக்கையெல்லாம் ஒரு புத்தகமாக எழுதி மூடிவிட்டு வேறு துறைக்குத் திரும்பினார். 1983இல் நோபல் வந்தது. எடிங்டன் மீது அவர் கடைசிவரை மரியாதையோடுதான் இருந்தார் என்பது அவருடைய பெருந்தன்மை. அதை மென்டர் கொள்கைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எதிர்த்தரப்பு என்னிடம் காட்டக்கூடிய நல்ல சாட்சி ஜி.என். ராமச்சந்திரன். அவரை நானே கூண்டில் ஏற்றிவிடுகிறேன். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் இயற்பியல் துறைக்குத் தலைவர் தேடினார். ராமனைக் கேட்டார். ராமன் தன் மாணவர் ராமச்சந்திரனின் பெயரைச் சொன்னார். 30 வயதில் துறைத் தலைவர்! அதே காலத்தில் சென்னைக்கு வந்த ஜே.டி. பெர்னால், கொலாஜன் புரதத்தின் அமைப்பு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். 1954இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் மூவிழை அமைப்பை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். சிபாரிசு வேலை செய்தது, தொடர்பு வேலை செய்தது, பிறகென்ன என்று கேட்கலாம்.

கேளுங்கள். ராமன் சொன்னது ஒரு பெயர். முதலியார் கொடுத்தது ஒரு துறை, ஊதியம், ஆட்கள், எதை ஆராய்வது என்று தானே முடிவு செய்யும் உரிமை. இதில் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டால் ராமச்சந்திரன் கிண்டியில் என்ன செய்திருப்பார்? அதைவிடப் பெரிய விஷயம் 1955இல் தொடங்கியது. அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் கொலாஜனுக்கு வேறு அமைப்பைச் சொன்னார்கள். சென்னை மாதிரியில் சில அணுக்கள் தாங்கமுடியாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்று குறை சொன்னார்கள். ராமச்சந்திரன் அவர்களுக்குத் தேநீர் வாங்கிக்கொடுத்து உறவு வளர்க்கவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று வெளிவந்த படிக அமைப்புகளையெல்லாம் புரட்டிப் பார்த்தார். அந்த வேலை 1963இல், ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் உடன் எழுத, ராமச்சந்திரன் வரைபடமாக முடிந்தது. உலகத்தில் எந்த மூலையில் புரத அமைப்பைத் தீர்த்தாலும் சரிபார்க்க இன்றும் அதைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள். அவருக்கு மிகப் பெரிய நன்மை செய்தவர்கள் அவரை எதிர்த்து எழுதியவர்கள். எந்தப் பயிலரங்கிலாவது 'நல்ல எதிரியைக் கண்டடைவது எப்படி' என்று ஒரு அமர்வு வைத்திருக்கிறார்களா?

அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்கிறது? காட்டலின் கரிகோ கதையில் எல்லோரும் ஜெராக்ஸ் இயந்திரத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1997 வாக்கில் நகல் எடுக்க நின்ற இடத்தில் ட்ரூ வைஸ்மனைச் சந்தித்தார், அதிலிருந்து எம்ஆர்என்ஏ தடுப்பூசி, 2023இல் நோபல். ஆகவே மக்களே, பழகுங்கள்! அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, மானியம் வராததால் அவரைப் பதவி இறக்கியிருந்தார்கள் என்பதைக் கதையில் சேர்ப்பதில்லை. அவரை ஆதரித்த மருத்துவர் எலியட் பார்னத்தன் வேறு வேலைக்குப் போனதும் கரிகோவின் இடமும் ஆட்டம் கண்டது. டேவிட் லாங்கர் என்ற இன்னொருவர் தன் துறையில் பேசி இடம் பிடித்துக் கொடுத்தார். ஒரு மனிதர் வேலை மாறினால் ஒரு ஆய்வே மூழ்கிவிடும் நிலை அது. மென்டரை நம்பிய ஏற்பாட்டின் பலம் எவ்வளவு என்று அதிலேயே தெரிகிறது.

டக்ளஸ் பிராஷருக்கு ஜெராக்ஸ் இயந்திரம்கூடக் கைகொடுக்கவில்லை. ஜெல்லிமீனின் பச்சை ஒளிர் புரதத்துக்கான மரபணுவை 1992இல் பிரித்தெடுத்தவர் அவர். பணம் தீர்ந்தது, அரசு சுகாதார ஆய்வு நிறுவனம் மானியம் மறுத்தது. மரபணுவைக் கேட்ட மார்ட்டின் சால்ஃபிக்கும் ரோஜர் சியெனுக்கும் அனுப்பிவைத்துவிட்டு அந்த ஆய்வை விட்டார். 2008இல் அந்தப் புரதத்துக்காக ஷிமோமுரா என்கிற விஞ்ஞானிக்கும் இவர்கள் இருவருக்கும் நோபல் அறிவித்தபோது, பிராஷர் அலபாமாவில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். கூச்ச சுபாவம், உதவி கேட்கத் தெரியவில்லை, நெட்வொர்க் இல்லை என்று அவருக்கும் நோயின் பெயர் எழுதிவிட்டார்கள். அவர் கேட்டார். மானிய விண்ணப்பம் என்பது கேட்பதுதான். கேட்டவருக்கு இல்லை என்று சொன்னவர்கள், கேட்கத் தெரியவில்லை என்று பிறகு குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. அதைச் சொல்லித்தான் காலம் காலமாக ஆடுகிறவளின் வாயை அடைத்திருக்கிறோம். கூடத்தை யாராவது ஒரு முறை நூல் பிடித்துப் பார்த்தால் என்ன?

பிடித்துப் பார்த்தார்கள். 2011இல் டோனா கிந்தரும் சக ஆய்வாளர்களும் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை, அமெரிக்கத் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனத்தின் மானியங்களை அலசியது. படிப்பு, பயிற்சி, வெளியீடுகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், கறுப்பின விண்ணப்பதாரர்களுக்கு மானியம் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையர்களைவிட 10 சதவீதப் புள்ளிகள் குறைவு. கோணல் கூடத்தில் என்று அளந்து காட்டியாயிற்று. நிறுவனம் எடுத்த பெரிய நடவடிக்கைகளில் ஒன்று 2014இல் தேசிய அளவில் ஒரு மென்டரிங் வலையமைப்பு தொடங்கியது. சல்லடை பழுது என்று தெரிந்த பிறகு தானியத்துக்குப் பயிற்சி!

நம் கூடத்துக்கு வருவோம். ராமனின் ஆய்வகத்தில் அன்னா மணி இருந்தார். அந்த நாளில் இந்தியாவில் அதற்கு மேல் ஒரு வழிகாட்டி கிடையாது. தனி ஆசிரியராக ஐந்து கட்டுரைகள் எழுதி, 1945இல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று பிஎச்.டி. தர மறுத்துவிட்டார்கள். நோபல் பெற்ற கைடாலும் ஒரு விதியை அசைக்க முடியவில்லை, அல்லது அசைக்கவில்லை. அதற்கு முன்பு, 1933இல், கமலா பாகவத், பின்னாளில் கமலா சோஹோனி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு விண்ணப்பித்தபோது, பெண் என்பதற்காகவே இயக்குநர் ராமன் மறுத்தார். போராடித்தான், நிபந்தனைகளோடுதான், உள்ளே போனார். ஆறு ஆண்டில் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம். வழிகாட்டியின் மனதுதான் வாசல் என்றால், அந்த மனதில் இடமில்லாதவர்கள் எங்கே போவார்கள்? தொடர்புகள் எல்லாம் மாநாட்டு இரவு விருந்தில்தான் முளைக்கின்றன; ஆறு மணிக்குக் குழந்தையைக் காப்பகத்திலிருந்து கூட்டி வர ஓடுகிற பெண்ணுக்கு அந்த விருந்தில் நாற்காலி இல்லை. ஊர், பள்ளி, சாதி என்று பழைய நூலிலேயே புதிய வலையும் பின்னப்படுகிறது. ஐஐடி ஆசிரியர் பட்டியலில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் இட ஒதுக்கீட்டு அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை என்பது நாடாளுமன்றத்தில் கொடுத்த பதில்களிலேயே இருக்கிறது. இவர்களிடம் போய் நெட்வொர்க் வளர்த்துக்கொள் என்பது, உன்னை உள்ளே விடாத வீட்டின் திண்ணையில் நட்பு வளர்த்துக்கொள் என்பது போல.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முதல் மூன்று ஆண்டு மென்டரைப் பிடி, சேர்ந்து எழுது என்பார்கள். நான்காம் ஆண்டு பதவி உயர்வுக் குழு, விருதுக் குழு முன்னால் போய் நின்றால் முதல் கேள்வி: பழைய கைடு இல்லாமல் எத்தனை கட்டுரை? ஒட்டிக்கொள்ளச் சொன்னவர்களே, ஒட்டியிருக்கிறாயே என்று மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள்.

தனி ஆய்வகம் நடத்துகிறவரின் வயிற்றைக் கலக்குவது என்ன என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். தத்துவம் எதுவும் சொல்லமாட்டார்கள். மத்திய அரசின் இன்ஸ்பயர் ஃபாகல்டி விருதில் ஆண்டுக்கு 7 லட்சம் ஆய்வு நிதி. 2022 ஜூலையில், அரசு ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு இருந்த 5 சதவீத ஜிஎஸ்டி சலுகையை எடுத்து 18 சதவீதமாக்கினார்கள். அந்த 7 லட்சத்துக்கும் கருவி வாங்கினால் ஒரு லட்சத்துக்கு மேல் வரியாகவே போகும். பணம் ஜனவரி, பிப்ரவரியில் வரும்; மார்ச் 31க்குள் செலவழிக்க வேண்டும்; செலவுச் சான்றான யூசி அனுப்பினால்தான் அடுத்த தவணை. அரசின் கொள்முதல் தளமான ஜெம் போர்ட்டலில் மலிவான விலைக்கு வந்தது வேலைக்கு ஆகாது, வேலைக்கு ஆவது ஜெம்மில் இருக்காது. ஆராய்ச்சி மாணவருக்கு உதவித்தொகை மாதக்கணக்கில் வராது. மாணவர் கைடின் முகத்தைப் பார்ப்பார், கைடு தன் சொந்தக் கணக்கைப் பார்ப்பார். இதில் எந்த இடத்தில் மென்டரைப் பொருத்துவீர்கள்? 2020-21 கணக்குப்படி இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். அறிவுரைக்கு மட்டும் ஒதுக்கீடு குறையவே இல்லை.

மூத்தவர்கள் எதற்குமே வேண்டாமா என்றால், வேண்டும். மானிய விண்ணப்பத்தின் முதல் வரைவைப் படித்து, இந்த இரண்டாம் நோக்கம் தேறாது, எடுத்துவிடு என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர் வேண்டும். எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார். அவர் சிவப்பு மையில் கிழித்த பக்கங்களை இன்னும் வைத்திருக்கிறேன். அவர் எனக்காக யாருக்கும் போன் போட்டதில்லை. 2009 முதல் நடந்துவரும் இளம் ஆய்வாளர் சந்திப்புகளில், நாடு முழுக்கத் தன்னைப் போலவே திணறுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு நிம்மதியாகத் திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த நிம்மதியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எழுதப்படாத விதிகளைச் சொல்லித்தர மென்டர் வேண்டும் என்கிற வாதத்தை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. விதி எழுதப்படவில்லை என்றால் எழுதுங்கள். எந்தக் குழு எந்த மாதம் கூடும், நிராகரித்தால் காரணம் எத்தனை நாளில் வரும், டெண்டர் ஃபைல் ஒரு மேசையில் அதிகபட்சம் எத்தனை நாள் இருக்கலாம் என்று இரண்டு பக்கத்தில் அச்சடித்து, வேலையில் சேரும் நாளில் கையில் கொடுங்கள். அதைக் கொடுக்காமல் வைத்திருப்பதால்தானே மென்டரின் தயவுக்கு இவ்வளவு விலை!

விதியை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. 2025 ஜூனில் மத்திய நிதி அமைச்சகம் அறிவியல் நிறுவனங்களுக்கான கொள்முதல் விதிகளைத் தளர்த்தியது. கொட்டேஷன் இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சம். கொள்முதல் குழுவே முடிவெடுக்கும் வரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சம். தேவைப்பட்டால் ஜெம்முக்கு வெளியே வாங்க நிறுவனத் தலைவரே அனுமதிக்கலாம். ஒரே ஒரு சுற்றறிக்கை. யாருக்கும் யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பயிலரங்கு நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை மேடையில் மூத்த விஞ்ஞானியின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு நாற்காலி போட்டு, உங்கள் நிறுவனத்தின் நிதி அலுவலரையும் கொள்முதல் அலுவலரையும் உட்கார வையுங்கள். பின்வரிசையிலிருந்து அந்தப் பெண் மறுபடி எழுந்து உறைபெட்டி எங்கே என்று கேட்பார். அவர்கள் பதில் சொல்லட்டும், தேதியோடு.